துளையை அடைக்கும் தலை

ஜனவரி 6, திங்கள்

நூற்று இருபதாவது நாள். இன்னும் அறுபது நாள் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, நூற்றெண்பது கரப்பான் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து எடை போட்டு எழுந்தபோது மணி இரண்டு. இடுப்பு கழன்றுவிட்டது. கொண்டுபோன தயிர்ச்சாதம் புளித்துப்போய்விட்டது.

முதல் தொட்டிக்கு நாய் பிஸ்கட், இரண்டாவதற்கு மரத்தூள், மூன்றாவதற்கு வெறும் தாள். அதே மரத்தூளையும் தாளையும் உலர்மரக் கரையானுக்கும் கொடுக்கிறேன். எது எவ்வளவு தின்கிறது, எவ்வளவு செரிக்கிறது, எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது. ஐந்து வருஷமாய் என் பிழைப்பு இதுதான். ‘ஆவுடை என்ன படிக்கா?’ என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் விலங்கியல் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

இரண்டும் பங்காளிகள். கரையான் கரப்பான் வம்சத்திலிருந்து பிரிந்துபோன ஒரு கிளை, அவ்வளவுதான். ஆனால் குணம்? கரப்பான் யாரையும் நம்பாது. தானே தேடும், தானே தின்னும், மீசையை வாயில் இழுத்து இழுத்துச் சுத்தம் செய்துகொள்ளும். கரையானுக்குக் கண் கிடையாது. ஒன்றின் பின்வாசலில் வருவதை இன்னொன்று வாங்கித் தின்கிறது. சட்டை உரிக்கும்போது குடலில் இருக்கும் நுண்ணுயிர் எல்லாம் போய்விடும். மறுபடி கூட்டாளி கொடுத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் வாய் நிறைய மரம் இருந்தும் பட்டினி. இந்தப் பிழைப்புக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம். எனக்குக் கரப்பானைத்தான் பிடிக்கும்.

ஜனவரி 11, சனி

தொட்டி விளிம்பில் வாஸ்லின் தடவத் தீர்ந்துவிட்டது. நயினார் அண்ணாச்சி வீட்டிலிருந்து பாதி டப்பா கொண்டுவந்தார். வாஸ்லின் இல்லாவிட்டால் குஞ்சுகள் ஏறி ஓடிவிடும். சனிக்கிழமைகளில் தண்ணீர்ப் பஞ்சு மாற்றிப் பதிவேட்டில் எழுதிவைப்பது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாய் இந்த ஆய்வகத்தில் தற்காலிக ஊழியர். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இந்தக் கல்லூரியில் அகராதி வேறு.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்தது. 134ஆவது நாள். தாள் தின்கிற குஞ்சுகள் வற்றலாய்க் கிடக்கின்றன. தாள் தின்கிற கரையான்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. புள்ளிவிவரம் நான் நினைத்த திசையிலேயே போகிறது. கைடு எமிமா மேடம் கிராஃபைப் பார்த்து, “நல்லா வருது ஆவுடை. ஏப்ரல் முப்பதுக்குள்ள தீசிஸ் குடுத்துரணும், பாத்துக்க. ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு” என்றார். எனக்குத் தெரியாதா?

முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கரையான் கட்டையைக் காட்டச் சொன்னார்கள். கட்டையில் ஒரு சின்னத் துளை போட்டேன். உள்ளே இருக்கும் காவல் கரையான் ஓடிவந்து தலையைத் துளையில் செருகிக்கொண்டது. அதன் தலையே கறுத்த மூடி மாதிரிதான் இருக்கும். எறும்பு வந்து கடித்தாலும் தலையை எடுக்காது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நயினார் அண்ணாச்சி, “பாவம், அதுக்கு வேற என்ன தெரியும்” என்றார்.

ஜனவரி 29, புதன்

பிப்ரவரி ஆறாம் தேதி ஆய்வுக்குழு வருகிறதாம். கல்லூரிக்கு மதிப்பெண் போடுவார்களாம். கிரகப்பிரவேசம் தோற்றது போங்கள். மரத்துக்கெல்லாம் காவி, சுண்ணாம்பு. எட்டு வருஷமாய் ஒழுகிய குழாய் ஒரே நாளில் நின்றுவிட்டது. தராசுப் பக்கத்துச் சுவரில் டிரில் போடுகிறார்கள், தராசு நடுங்குகிறது, ஒரு குஞ்சை மூன்று முறை எடை போட வேண்டியிருக்கிறது. நடுவில் சர்க்குலர் நோட்டு வேறு. இன்றைக்கு மட்டும் மூன்று. கையில் குஞ்சைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். “எதுக்கும் பாத்துக்க தாயி” என்றார் அண்ணாச்சி. பார்க்க எனக்கு எங்கே நேரம்?

பிப்ரவரி 1, சனி

கொம்பையாவின் சித்தி மகளுக்கு வளைகாப்பு. என் கணவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாய் நிற்காவிட்டால் ஒரு வருஷம் சொல்லிக்காட்டுவார்கள். ஏழு வகைச் சாதம். பந்தியில் உட்கார்ந்தபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது, எல்லாம் கல்லூரி நம்பர். சனிக்கிழமைகூட மனுஷியை விடமாட்டார்கள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

செத்துவிட்டன. மூன்று தொட்டியும். நூற்றெண்பதும். மல்லாந்து, காலைச் சுருட்டிக்கொண்டு.

சனிக்கிழமை பூச்சி மருந்து அடித்திருக்கிறார்கள். விலங்கியல் ஆய்வகத்தில். கரப்பான் வளர்க்கிற அறையில். ஆய்வுக்குழு வரும்போது ஒரு பூச்சிகூடக் கண்ணில் படக்கூடாதாம்.

அணுகுண்டு போட்டாலும் கரப்பான் சாகாது என்று பேசுகிறவர்கள் வந்து பார்க்கட்டும். அடுப்படிக் கரப்பான் சாகாது, அது பரம்பரை பரம்பரையாய் மருந்து குடித்துப் பழகியது. இவை பதினோரு வருஷமாய் இந்தத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த வம்சம், மருந்து வாசனையே அறியாதவை. மூன்றாவது தொட்டிமேல் ஒரு ஈரத் துண்டு வேறு கிடந்தது. யார் போட்டதோ, தூக்கி மூலையில் எறிந்தேன்.

சாவி வைத்திருப்பது ஒரே ஒரு ஆள். கதவைத் திறந்துவிட்டது நயினார் அண்ணாச்சிதான். “தாயி, நான் சொல்லுததக் கேளு” என்று பின்னாலேயே வந்தார். “எதையும் கேக்க வேண்டாம் அண்ணாச்சி. ஆள் எதுக்கு இருக்கிய? கதவத் திறந்துவிடவா?” என்று வராந்தாவில் வைத்தே கத்தினேன். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

புகார் எழுதி முதல்வர் அறையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ‘ஆய்வக உதவியாளரின் பொறுப்பற்ற செயலால்’ என்று தொடங்கினேன். நல்ல தமிழில் வந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

கரையான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைக்குள், இன்குபேட்டருக்குள், அடைத்துக்கொண்டு சுகமாய் இருக்கின்றன. கசகசா மாதிரி எச்சம் தள்ளியிருக்கின்றன. அவற்றைப் பார்த்தாலே எரிகிறது.

கொம்பையா, “கரப்பான் செத்ததுக்கு அழுத முத ஆளு உலகத்துலயே நீதான் ஆவுடை” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இரவு அவருக்குத் தோசை ஊற்றவில்லை.

பிப்ரவரி 5, புதன்

இன்றைய கூத்தை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும். நாளை குழு வரும்போது ஆய்வகத்தில் ‘உயிருள்ள வளர்ப்பு’ இருக்க வேண்டும், போன அறிக்கையில் எழுதிவிட்டார்களாம். “எங்கயாவது பிடிச்சாவது தொட்டியில போடு” என்றார் எமிமா மேடம். பூச்சி இருக்கக்கூடாது என்று கொன்றவர்களே இப்போது பூச்சி வேண்டும் என்கிறார்கள்.

விடுதிச் சமையலறைக்கு நானும் நயினார் அண்ணாச்சியும் போனோம். வாழைப்பழத்தை நசுக்கிப் பாட்டிலில் போட்டு, உள்கழுத்தில் எண்ணெய் தடவி, சாக்கடை மூடிப் பக்கம் வைத்தார். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். “ஆபீஸ் சூப்பிரண்டு சொன்னாவ, எல்லாரும்...” என்று தொடங்கினார். எழுந்து வெளியே போய்விட்டேன். எழுபத்தி மூன்று கிடைத்தன, எல்லாம் அவர் பிடித்ததுதான்.

பிப்ரவரி 6, வியாழன்

குழு வந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் தொட்டியைக் குனிந்து பார்த்து, மிக ஆரோக்கியமான வளர்ப்பு என்றார். இருக்காதா, விடுதிச் சாம்பார் தின்று வளர்ந்தவை. ஒன்று பறந்து அவர் கோட்டில் உட்கார்ந்தது. முதல்வர் முகம் போன போக்கைப் பார்த்து இந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

எடை போட ஒன்றுமில்லாத திங்கட்கிழமை.

எமிமா மேடம் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்க நூற்றெண்பது நாள் வேண்டும். அதற்கு இன்னொரு நீட்டிப்பு வேண்டும். பிறர் தவறால் சேதம் என்று விசாரணையில் முடிவானால்தான் பல்கலைக்கழகம் தரும். ஆய்வாளர் கவனக்குறைவு என்றால் பதிவே ரத்து, ஐந்து வருஷமும் கோவிந்தா. “உன் புகார் நல்லா இருக்கு. அதுலயே நில்லு” என்றார்.

சூப்பிரண்டு வாசலில் மறித்து, “எல்லாத் துறையிலயும் கையெழுத்து வாங்கித்தாம்மா அடிச்சோம்” என்றார். எல்லாத் துறையும் என்றால் நானா? அந்த நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

பிப்ரவரி 12, புதன்

நோட்டைப் பார்த்தேன். எண் 47.

பிப்ரவரி 13, வியாழன்

சர்க்குலர் எழுதுகிறவனுக்குத் தமிழ் யார் சொல்லிக்கொடுத்தது? ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று தொடங்கிப் பதினான்கு வரி. பதினோராம் வரியில்தான் வருகிறது, ஆய்வு உயிரினங்கள் இருப்பின் முந்தின நாளே அப்புறப்படுத்திக்கொள்ளவும் என்று. இதைக் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன? ஒரு நாளைக்கு மூன்று நோட்டு வந்தால் எந்த மனுஷி படிப்பாள்? இந்தக் கல்லூரியில் யார்தான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்? கணிதத் துறையில் லீவில் இருக்கிறவர் கையெழுத்துகூட அதில் இருக்கிறது.

என்னுடையது ஆறாவது. பேனா இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மறு கையில் குஞ்சு இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

எமிமா மேடத்திடம் சொன்னேன். “நோட்டு சூப்பிரண்டு கைல இருக்கு. தொட்டியில உயிர் இருக்கையில அடிக்கவிட்டது அவர் தப்பு, அவர் வெளிய எடுக்கமாட்டார். நீயும் எடுக்காத” என்றார். யாருக்கும் கெடுதல் இல்லை, நயினார் ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும், நீ சொன்னால்தான் போடுவார் என்றார்.

கையெழுத்து வாங்கியாச்சு. அண்ணாச்சி கண்ணாடி கொண்டுவரவில்லையாம். வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

சும்மா இருக்க முடியவில்லை. கரையான் கட்டையிலிருந்து ஆறு வேலைக்காரக் கரையான்களைப் பிரித்து, தனித்தனிக் கிண்ணத்தில், நல்ல மரத்துண்டோடு வைத்தேன். விடுதிக் கரப்பான் ஆறையும் அப்படியே வைத்தேன். ஆய்வுக்கு இல்லை, சும்மாதான். தனியாய்ப் போட்டால் எது என்ன செய்கிறது என்று பார்க்க.

பிப்ரவரி 19, புதன்

நயினார் அண்ணாச்சியை நிறுத்திவிட்டார்கள். மன்னிப்புக் கடிதம் என்று சொன்ன தாளில் ‘என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன்’ என்று இருந்ததாம், தவற்றை ஒப்புக்கொண்டவரை வைத்திருக்க விதி இல்லையாம். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அப்போது நூலகத்தில் இருந்தேன். நூலகத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

நீட்டிப்பு கிடைக்கும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து போன். ஆணை அடுத்த வாரம் வருமாம். எமிமா மேடம் லட்டு கொடுத்தார். கொம்பையா சந்தோஷத்தில் அல்வா வாங்கிவந்து, “இனிமேலாவது முகத்தைத் தூக்கிவைக்காத” என்றார். எரிந்து விழுந்தேன். அல்வாவை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். அல்வாவை யாராவது ஃபிரிட்ஜில் வைப்பார்களா என்று அவர் கேட்டார். அதற்கும் சண்டை.

பிப்ரவரி 25, செவ்வாய்

தனியாய் வைத்த கரையான் ஆறில் ஐந்து செத்துவிட்டது. மரம் பக்கத்திலேயே இருக்கிறது. விடுதிக் கரப்பான்கள் ஆறும் நன்றாய் இருக்கின்றன. ஒன்று முட்டைப்பைகூட இட்டிருக்கிறது.

கரப்பானைத்தான் பிடிக்கும் என்று எழுதியவள் நான்தான். இப்போது அதைப் பார்த்தால் அருவருப்பாய் இருக்கிறது. பாவம், அது என்ன செய்தது.

பிப்ரவரி 26, புதன்

புது வளர்ப்பு தொடங்கத் தண்ணீர்ப் பதிவேட்டை எடுத்தேன். தொட்டி காலியானதிலிருந்து அதை யாரும் தொடவில்லை. கடைசிப் பக்கத்தில் நயினார் அண்ணாச்சி எழுத்து, குண்டு குண்டாய், பென்சிலில். அப்படியே எழுதுகிறேன்.

‘1.2. சனி. பஞ்சு மாத்தியாச்சு. மருந்து அடிக்க வந்தாவ. இந்த ரூம் வேண்டாம்னு சொன்னேன். ஆவுடைப் பிள்ள கையெழுத்து இருக்குன்னு சூப்பிரண்டு காட்டினாவ. பிள்ளைக்கி ஏழு தடவ போன் பண்ணினேன் எடுக்கல. தொட்டிய தூக்கப் பாத்தேன் ஒத்த ஆளா முடியல. துண்ட நனைச்சு ஒரு தொட்டிக்கி மூடுனேன். இன்னும் ரெண்டுக்கு துணி இல்ல.’

ஒன்றாம் தேதியிலிருந்தே அவருக்குத் தெரியும். என் கையெழுத்தை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். நான் வராந்தாவில் கத்தியபோதும் தெரியும், சாக்கடைப் பக்கம் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதும் தெரியும். சொல்லத்தான் வந்தார், நான் விடவில்லை. அதன்பிறகு யாரிடமும் சொல்லவுமில்லை.

பதினான்காம் தேதி நடந்ததை முழுதாய் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். தாளைக் கையில் கொடுத்ததும், “என்ன தாயி போட்டிருக்கு? கண்ணாடி கொண்டுவரல” என்றார். நான் படித்திருந்தேன். இந்தக் கல்லூரியில் கையெழுத்துக்கு முன்னால் நான் முழுசாய்ப் படித்த ஒரே தாள் அதுதான். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா ஃபார்மாலிட்டி. போடுங்க” என்றேன். “நீ சொன்னாச் சரி” என்று போட்டார். சர்க்குலரைத்தான் படிக்காமல் போட்டேன், இதைப் படித்துவிட்டு வாங்கினேன். ஓட்டை விழுந்தால் அடைக்க ஒரு தலை வேண்டும். முதல்வருக்கும் வேண்டும், சூப்பிரண்டுக்கும் வேண்டும், மேடத்துக்கும் வேண்டும். ஆனால் அந்தத் தலையைப் பிடித்துத் துளையில் செருகியது நான்.

யார்மேல் கோபப்படுவது என்று ஒரு மாதமாய்த் தேடிக்கொண்டிருந்தேன். இனித் தேட வேண்டாம்.

பிப்ரவரி 27, வியாழன்

முதல்வரிடம் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கம். எண் 47, ஆறாவது கையெழுத்து என்னுடையது, கடிதத்தை நான் ஏமாற்றி வாங்கினேன், எல்லாம் எழுதினேன். பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் வைத்தேன். பிரதி பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது, அமுக்க முடியாது.

எமிமா மேடம் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். “அஞ்சு வருஷம் ஆவுடை. ஒரு அட்டெண்டருக்காகவா?” என்றார்.

“அவர் பேரு நயினார், மேடம்” என்றேன். இதைவிட நறுக்கென்று ஏதாவது சொல்லியிருக்கலாம். படியிறங்கும்போதுதான் பத்துப் பதில் தோன்றியது.

மார்ச் 4, செவ்வாய்

பதிவு ரத்து. ஒன்றரை வரிக் கடிதம். முழுசாய்ப் படித்தேன். கொம்பையாவே தோசை ஊற்றினார், எல்லாம் பிய்ந்துபோயிற்று. அழுதுகொண்டே தின்றேன். கரப்பானும் கரையானும் ஒன்றாய்ப் போட்டிருந்த அந்தக் கிராஃப் இனி யாருக்கும் தெரியாது. அதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

நூற்றெண்பதாவது நாள். கடைசி எடை போட்டிருக்க வேண்டிய நாள்.

நயினார் அண்ணாச்சியை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து கேள்வி வந்ததும் முதல்வருக்குத் திடீரென்று நீதி நியாயம் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சேர்க்கை ஆணையோடு என் மூன்று பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போட வேண்டும். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஆய்வகத்தில் இருக்கும் என் சாமான்களையும் இன்றே காலி செய்துவிட வேண்டுமாம்.

அவர் வந்தார், சட்டைப்பையில் கண்ணாடிக் கூட்டோடு. “அண்ணாச்சி” என்றேன். திரும்பவில்லை.

சூப்பிரண்டு பேனாவை நீட்டி, “போடும்யா, சும்மா ஃபார்மாலிட்டிதான்” என்றார்.

“இருங்க சார். படிச்சுக்கிடுதேன்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை வைத்து, வாய் அசைய அசையப் படித்தார். மூன்று பக்கம். அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. சூப்பிரண்டு இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை, நானும் உட்காரவில்லை. ‘நானே அவரை ஏமாற்றி’ என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போனது.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். “எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க, மேடம்” என்றார்.

ஐந்து வருஷமாய்த் தாயி என்று கூப்பிட்ட வாய். மன்னித்துவிட்டேன் என்று சொல்வார், இல்லாவிட்டால் திட்டவாவது செய்வார் என்று நினைத்துக்கொண்டு போனேன். இரண்டுமில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆய்வக வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கதவுப் பக்கம் போனேன். அவர் அசையவில்லை.

“என் சாமானை எடுக்கணும். கொஞ்சம் திறந்துவிடுங்க அண்ணாச்சி.”

“எழுதிக் குடுங்க மேடம், திறக்கேன்.”

பையிலிருந்து இந்த நாட்குறிப்பை எடுத்து, ஒரு தாள் கிழித்து, சுவரில் வைத்து எழுதிக் கொடுத்தேன். அதையும் முழுசாய்ப் படித்துவிட்டுத்தான் திறந்தார்.